காருக்காக அகட்டிய படலை

மத்தியானம் பன்னிரண்டரை ஆனால் வின்சனின் போன் அடிக்கும். அடுப்பில் சோறு கொதித்தாலும் சரி, முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தாலும் சரி, கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு எடுத்துவிடுவார்.

"அங்கிள், சாப்பிட்டீங்களோ?"

"இன்னும் இல்லைத் தம்பி. இப்பதான் உலை வச்சனான்."

"என்ன கறி?"

"ஒரு பாரைத் துண்டு கிடக்குது. குழம்பு வைப்பம் எண்டு."

"அய்யோ, இஞ்ச வவுனியாவில எங்களுக்கு ஐஸ் மீன்தான். நீங்கள் குடுத்து வச்சனீங்கள் அங்கிள்."

அந்தப் பெடியனின் பெயர் மதுசன். வவுனியாவில் கார் விற்கிற ஒரு கொம்பனியில் வேலை. கோயில் திருவிழாவுக்கு அந்தக் கொம்பனிக்காரர் முல்லைத்தீவுக் கரையில் கொட்டகை போட்டு ஒரு காரை நிறுத்தி வைத்திருந்தார்கள். பேரும் நம்பரும் எழுதிப் பெட்டியில் போட்டால் குலுக்கலில் சைக்கிள் கிடைக்கும் என்றார்கள். சைக்கிள் யாருக்கு விழுந்தது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எழுதிப் போட்ட எல்லாருக்கும் போன் வந்தது. பக்கத்து வளவுத் தங்கராசா முதல்நாளே, "என்னட்ட இருக்கிறது கட்டுமரம். அதுக்கு டயர் போட்டுத் தருவியோ?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டார். வின்சன்தான் வைக்கவில்லை.

அதை நீங்கள் விசர்த்தனம் என்று நினைக்கக்கூடாது. மனைவி புனிதம் செத்து மூன்று வருடமாகப் போகிறது. ஒரே மகள் ஜெயரூபினி வவுனியாவில், பாமசியில் வேலை செய்துகொண்டு, ஒன்பது வயது மகள் கம்சாவோடு வாடகை வீட்டில் இருக்கிறாள். மருமகன் கட்டாரில். மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். சுகமோ, ஓம், மழையோ, இல்லை, சரி அப்பா வைக்கிறன். அவ்வளவுதான் அந்தக் கதை. என்ன கறி என்று அவரிடம் கேட்க உலகத்தில் வேறு ஆளில்லாமல் இருந்த நேரத்தில் அந்தப் பெடியன் கேட்டான்.

கார் வாங்கும் எண்ணம் அவருக்கு முதலில் இருக்கவில்லை. ஒருநாள் மதுசன் கேட்டான்:

"மகள் அடிக்கடி வருவாவோ அங்கிள்?"

"எங்க தம்பி. பேத்திக்கு பஸ் ஒத்துவராது. சத்தி எடுப்பாள், திண்டதெல்லாம் வெளிய வந்திடும்."

புனிதத்தின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து போகும்போது ஜெயரூபினி சொன்ன சொல் அது. "அப்பா, கம்சாவுக்கு பஸ் ஒத்துவராது, சத்தி எடுக்கிறாள். இனிச் சும்மா சும்மா வர ஏலாது." அதற்குப் பிறகு அவள் வரவேயில்லை. முதலாம் ஆண்டுப் பூசைக்கும் வரவில்லை, இரண்டாம் ஆண்டுக்கும் வரவில்லை. வின்சன் போய்ப் பார்த்துவிட்டு வருவார். கதிரை நுனியில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிப்பார்.

"அப்ப அங்கிள்," என்றான் மதுசன், "நீங்களே கார் கொண்டுபோய் ஏத்திக்கொண்டு வரலாமே. ஏசியைப் போட்டா பிள்ளை நித்திரையாப் போயிடும். சத்தியும் இல்லை, ஒண்டும் இல்லை."

அன்றைக்குப் பாரைக் குழம்பு அடிப்பிடித்துப் போனது. வின்சன் அதைக் கவனிக்கவில்லை. மூன்றாம் ஆண்டுப் பூசைக்கு ஆறு மாதம் இருந்தது. பூசையில் முன்வாங்கில் மகள் இருக்க, பக்கத்தில் பேத்தி இருக்க, தான் வாங்கின் ஓரத்தில் இருக்கிற மாதிரி அவருக்கு ஒரு படம் மனதில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அதை அழிக்க அவரால் முடியவில்லை.

ஒரு காலத்தில் ஐஸ் லொறி ஓட்டியவர். லைசென்ஸ் இருந்தது. காசுதான் இல்லை. போட்டையும் அதன் எஞ்சினையும் கடல் வலைகளையும் சேர்த்துப் பன்னிரண்டு லட்சத்துக்கு விற்றார். "களப்பில பழைய தோணியோட இறால் பிடிச்சாலும் ஒருத்தனுக்குப் போதும்" என்று தங்கராசாவிடம் சொன்னார். மிச்சத்துக்கு மதுசன் வழி சொல்லியிருந்தான்: "ஹயர் ஓடுங்கோ அங்கிள், வாடகைக்கு ஆக்களை ஏத்துங்கோ. கார் தன்ர காசைத் தானே கட்டும்."

கொம்பனியில் குளிரூட்டிய அறையில் கதிரை போட்டு, பிஸ்கட்டும் தேத்தண்ணியும் வைத்தார்கள். ஆரோ பாவித்த சின்னக் கார்தான், வெள்ளை நிறம். விலை முப்பத்திரண்டு லட்சம். பன்னிரண்டு கையில் கட்டினால் மிச்சம் இருபது லீசிங் கடனில். "மாசம் நாப்பத்தொன்பதாயிரம், ஐஞ்சு வருசம். ரெண்டு வருச வொறண்டி எங்கட அன்பளிப்பு. என்ன பழுதெண்டாலும் நீங்கள் ஒரு கோல் எடுத்தாக் காணும்." இன்றைக்கே எழுதினால்தான் இந்த விலை, நாளைக்கு இன்னோர் ஆள் பார்க்க வருகிறார் என்றும் சொன்னான்.

பேப்பர்கள் இங்கிலீசிலும் சிங்களத்திலும் இருந்தன. வின்சன் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"தம்பி, இதில என்ன எழுதியிருக்குது?"

"நான் உங்களுக்குச் சொன்னதுதான் அங்கிள் எழுதியிருக்குது."

கையெழுத்து வைக்கிற இடங்களில் மதுசன் பென்சிலால் சின்னப் பெருக்கல் அடையாளம் போட்டுக்கொண்டே போனான். வின்சன் பின்னாலேயே வைத்துக்கொண்டு போனார்.

வளவு வாசலில் இருந்த படலை சைக்கிள் போகிற அளவுதான். கார் வருவதற்காக வேலியில் நட்ட ஆறு கதியால் தடியைப் பிடுங்கி, ஒரு முருங்கையை வெட்டி, இரண்டு புதுத் தூண் நாட்டி, பன்னிரண்டடிக்குத் தகரப் படலை போட்டார். தங்கராசா வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"என்ன வின்சன், பிஷப்பாண்டவரோ வாறார்?"

"மகள் வாறாள்."

"மகள் என்ன அவ்வளவு கொழுத்துப் போனாளோ?"

மகளுக்கு அவர் சொல்லவில்லை. பூசைக்கு இரண்டு நாள் முன்னர் அவளின் வாசலில் போய் ஹோன் அடிக்க வேண்டும் என்று வைத்திருந்தார்.

கார் வந்தது. பங்குச் சுவாமி வந்து தீர்த்தம் தெளித்தார். கடற்கரை வீட்டில் கார் வைத்திருப்பது எப்படி என்று வின்சனுக்கு ஒருவரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. முப்பத்தைந்து வருடம் போட் எஞ்சின் வைத்திருந்தவர். கடலால் வந்ததும் எஞ்சினைக் கழற்றிப் பீப்பாவுக்குள் இறக்கி, நல்ல தண்ணியில் ஓடவிட்டு, மேலாலும் ஊற்றிக் கழுவாமல் அந்தக் கரையில் எவனும் படுக்கப் போகமாட்டான். உப்பு ஓர் இரவு நின்றால் இரும்பைத் தின்றுவிடும். இப்போது போட்டும் இல்லை, எஞ்சினும் இல்லை. பின்னேரமானால் கை மட்டும் அந்த வேலையைத் தேடியது. அவர் காரின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, கிணற்றில் அள்ளி, எஞ்சினுக்கு மேலே நாலு வாளி நல்ல தண்ணி ஊற்றினார். ஒவ்வொரு நாளும் ஊற்றினார். துணியால் துடைக்கும்போது அதனோடு கதைப்பதும் உண்டு.

மூன்றாம் கிழமை மதுசன் எடுத்தான்.

"அங்கிள், கொம்பனியிலயிருந்து உங்களுக்கு ஒரு கோல் வரும். என்ர சேவைக்கு எத்தினை மார்க்ஸ் எண்டு கேப்பினம். பத்துக்குப் பத்து எண்டு சொல்லிவிடுங்கோ என்ன?"

"அதுக்கென்ன தம்பி. நான் ஒவ்வொரு நாளும் எஞ்சினைத் திறந்து நல்ல தண்ணி ஊத்திக் கழுவுறன். உப்புக் காத்து எல்லோ."

"சுப்பர் அங்கிள், சுப்பர். அப்பிடித்தான் வச்சிருக்கோணும்."

கோல் வந்தது. வின்சன் பத்துக்குப் பத்து என்றார். அதற்குப் பிறகு பன்னிரண்டரைக்குப் போன் அடிக்கவில்லை.

முதல் இரண்டு மூன்று நாள் போன் பழுதென்று நினைத்தார். தங்கராசாவின் போனில் இருந்து தனக்கே எடுத்துப் பார்த்தார். நன்றாகத்தான் அடித்தது. சோற்றை இறக்கி வைத்துவிட்டு, போனை அதற்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். மாதம் முடிய ஒரு கோல் வந்தது. பெண்பிள்ளை ஒருத்தி. தவணை அறுபத்தோராயிரம், பத்தாந் திகதிக்கு முன்னம் கட்டுங்கோ என்றாள்.

"நாப்பத்தொன்பது எல்லோ பிள்ளை?"

"சிஸ்டத்தில அறுபத்தொண்டு எண்டுதான் காட்டுது ஐயா."

மதுசனுக்கு எடுத்தார். அடித்துக்கொண்டேயிருந்தது. சரி, பூசை முடியட்டும், பிறகு போய்க் கேட்பம் என்று களப்பில் இரவு பகலாக இறால் பிடித்துக் கட்டினார். ஹயர் என்று வந்தது மாதத்தில் இரண்டு. அதில் ஒன்று தங்கராசாவின் பல்லுப் பிடுங்கப் போனது, அதற்குக் காசு வாங்கவில்லை.

பூசை ஞாயிற்றுக்கிழமை. வெள்ளி காலையில் வின்சன் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஐஸ் பெட்டியில் இறால் வைத்துக்கொண்டு புறப்பட்டார். பின்சீற்றில் கம்சாவுக்கென்று ஒரு சின்னத் தலையணை வைத்திருந்தார். தகரப் படலை இரண்டு பக்கமும் திறந்தது. ஒட்டுசுட்டான் தாண்டி, நெடுங்கேணியும் தாண்டி, காட்டு ரோட்டில் கார் இரண்டு தரம் குலுங்கியது. விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. பிறகு நின்றது. திறப்பைத் திருப்பத் திருப்ப ஒரு சத்தமும் இல்லை. கடலில் எஞ்சின் நின்றால் துடுப்பு இருக்கும். இங்கே இரண்டு பக்கமும் பாலைமரங்கள் நின்றன, அவர் காருக்குள் இருந்தார்.

கல் ஏற்றப் போன உழவு மெஷின்காரன் ஒருவன் கயிறு கட்டிப் புளியங்குளம் வரைக்கும் இழுத்தான். அங்கிருந்து லொறியில் ஏற்றி வவுனியாக் கொம்பனிக்குக் கொண்டுபோனார்கள். லொறிக் காசும் அவர்தான் கட்டினார்.

பழுது பார்க்கிற பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவன் றொசான் என்ற பெடியன். மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஒரு சின்னப் பெட்டியைக் கழற்றிச் சரித்தான். அதற்குள் இருந்து தண்ணி சொட்டியது.

"ஐயா, கார் வெள்ளத்துக்குள்ள இறங்கினதோ?"

"இல்லைத் தம்பி. நான் கழுவினனான். நல்ல தண்ணி."

"எஞ்சினுக்கு மேலயோ?"

"ஒவ்வொரு நாளும்."

றொசான் சிரிக்கவில்லை. அதற்காக அவனைப் பாராட்ட வேண்டும். "ஐயா, இதுதான் காரின்ர மூளை. கம்பியூட்டர். புதுசு போட ரெண்டு லட்சத்துக்குக் கிட்ட வரும்."

"வொறண்டி இருக்குது."

"தண்ணி பட்டதுக்கு இல்லை. தண்ணி படாட்டிலும் இந்தப் பெட்டிக்கு இல்லை. எஞ்சினுக்குள்ளயும் கியருக்குள்ளயும் இருக்கிற சாமானுக்கு மட்டுந்தான்." குரலைக் குறைத்தான். "உங்களுக்கு வேற மாதிரிச் சொல்லியிருப்பினம்."

முன்கூடத்தில் மதுசன் நின்றான். அவரைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்து, பிறகு ஒரு கணம் யோசித்தது. ஆரென்று தேடுகிறான் என்று வின்சனுக்கு விளங்கியது.

"அட, அங்கிள்! எப்பிடிச் சுகம்?"

"நான் நல்ல தண்ணி ஊத்திக் கழுவுறன் எண்டு உனக்குச் சொன்னனான் தம்பி. நீ சுப்பர் எண்டனி."

"எனக்கோ? எப்ப அங்கிள்?"

"பத்துக்குப் பத்துச் சொல்லச் சொல்லி எடுத்த அண்டைக்கு."

"ஞாபகமில்லையே அங்கிள்." அவன் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அவனுக்கு ஞாபகமில்லை. அந்த நேரம் அவனுடைய போன் அடித்தது. ஒரு நிமிசம் என்று விரலைக் காட்டிவிட்டு மற்றப் பக்கம் திரும்பினான். "சொல்லுங்கோ அன்ரி. சாப்பிட்டீங்களோ? என்ன கறி?"

வின்சன் ஐஸ் பெட்டியையும் பேப்பர்க் கட்டையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

மகளின் வீட்டுக்கு நடை தூரந்தான். ஆனால் இரண்டு தரம் வழியில் நின்றார். ஹோன் அடித்துக்கொண்டு போக இருந்த வாசலில் நின்று, "பிள்ளை" என்று கூப்பிட்டார்.

ஜெயரூபினி வேலையால் வந்து உடுப்புக்கூட மாற்றியிருக்கவில்லை. அவரையும் பார்த்தாள், கையில் இருந்த தலையணையையும் பார்த்தாள்.

"என்னப்பா இது?"

"கம்சாவுக்கு."

அவள் சாப்பிட்டீங்களோ என்று கேட்கவில்லை. இறால் பெட்டியை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போய் அரிசியைக் கழுவினாள். அவர் கதிரை நுனியில் இருந்து சொல்லச் சொல்ல, உள்ளே சட்டிகள் வைக்கிற சத்தம் கூடிக்கொண்டு போனது. கடைசியில் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"போட்டை வித்தனீங்களோ? எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லாமலோ? உங்களை ஆரப்பா கார் வாங்கச் சொன்னது?"

"நீதானே பிள்ளை சொன்னனி. கம்சாவுக்கு பஸ் ஒத்துவராது, சத்தி எடுப்பாள் எண்டு."

மேசையில் படம் கீறிக்கொண்டிருந்த கம்சா தலையை நிமிர்த்தினாள்.

"நானோ அம்மப்பா? நான் போன மாசம் பள்ளிக்கூடத்தோட திருகோணமலைக்கு பஸ்ஸில போட்டு வந்தனான். நிரோசினிதான் சத்தி எடுத்தவள். என்ர சப்பாத்துக்கு மேல."

சோறு கொதித்து மூடியைத் தட்டியது. ஜெயரூபினி போய் அதை இறக்கி வைத்துவிட்டு வந்து, கையை நீட்டினாள்.

"பேப்பரைத் தாங்கோ."

மூன்று பேரும் சாப்பிட்ட பிறகு, அந்தப் பேப்பர்க் கட்டை அவள் மேசையில் விரித்து, ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொன்னாள். கடன் இருபது லட்சம் இல்லை. இருபத்துநாலு லட்சத்தி அறுபதாயிரம். ஆயுள் காப்புறுதி என்று ஒன்றைப் போட்டிருந்தார்கள், காருக்கு இன்சூரன்ஸ் ஒன்று, பத்திரச் செலவு ஒன்று.

"இஞ்ச பாருங்கோ. 'பாதுகாப்புத் திட்டம்', ஒரு லட்சத்தி எண்பது. இதுதான் அந்த வொறண்டி. அன்பளிப்பு எண்டவன் அதைக் கடனுக்குள்ள போட்டு அதுக்கும் வட்டி எடுக்கிறான்."

"எனக்கு அன்பளிப்பு எண்டு சொன்ன வொறண்டிக்கு நான்தான் கட்டுறனோ?"

"ஓம். பதினேழு இடத்தில கையெழுத்து வச்சிருக்கிறீங்கள்."

"அவன் பெருக்கல் போட்ட இடமெல்லாம் வச்சனான்."

"ஏனப்பா என்னட்டக் கொண்டுவரேல்ல? நான் அரை மைல் தூரத்திலதானே இருந்தனான்."

வின்சன் சொல்ல நினைத்தது வேறு. வாயில் வந்தது இதுதான்: "நீ வேலையால களைச்சு வருவாய் எண்டு."

அவள் பேப்பரைப் புரட்டிக்கொண்டேயிருந்தாள். வாசிக்கவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது. புனிதத்தை அடக்கம் செய்த பிறகு அப்பனும் மகளும் ஒரு மேசையில் இவ்வளவு நேரம் இருந்தது இதுதான் முதல் தரம்.

"பஸ் எண்டது சும்மா சொன்ன சாட்டு," என்றாள் அவள், பேப்பரைப் பார்த்தபடியே. "அம்மா இல்லாத குசினியைப் பாக்க எனக்கு ஏலாமக் கிடந்தது. ஒருக்காச் சொன்னன். நீங்கள் பிறகு கேக்கேல்ல. கேக்காததால நானும் விட்டிட்டன்."

"கேட்டா நீ ஓமெண்டு சொல்லவேண்டி வந்திடும் எண்டு நினைச்சன்."

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியது. கொம்பனிக்குக் கடிதம் எழுதுகிறேன், நுகர்வோர் அதிகாரசபைக்கும் ஒரு பிரதி போடுவம், போட்ட காசு எல்லாம் வருமோ தெரியாது, சேர்த்துவிட்டதில் எதையாவது கழிக்கப் பார்ப்பம் என்றாள். பேப்பரைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் படியில் இறங்கிச் செருப்பைப் போட்டார். பிறகு திரும்பினார். மூன்று வருடத்தில் முதல் தரமாகக் கேட்டார்:

"ஞாயிறு பூசைக்கு வாறியோ பிள்ளை? பஸ்ஸிலதான்."

"பாப்பம் அப்பா."

ஞாயிறு காலை பூசை எட்டரைக்கு. வவுனியா பஸ் கோயிலடிக்கு எட்டுக்கு வரும். வின்சன் ஏழேகாலுக்கே போய்த் தரிப்பிடத்தில் நின்றார். தங்கராசா சைக்கிளில் வந்து, காலை ஊன்றி நின்று, ஏதோ பகிடி சொல்ல வாயைத் திறந்தவர் சொல்லாமல் போய்விட்டார். எட்டு மணி பஸ் வந்தது. மீன் வாங்க வந்த இரண்டு வியாபாரிகளும் ஒரு கன்னியாஸ்திரியும் இறங்கினார்கள். பஸ் போய்விட்டது.

அவர் பூசைக்குப் போய் முன்வாங்கில் இருந்தார். பக்கத்தில் இரண்டு ஆள் இருக்கிற இடம் விட்டிருந்தார். சுவாமி புனிதத்தின் பெயரைச் சொன்னபோது குனிந்தார். நிமிர்ந்தபோது அந்த இடத்தில் கம்சா முழங்காலில் நின்றாள். அவளுக்கு அங்கால் ஜெயரூபினி, தலையில் முக்காட்டோடு, மூச்சு வாங்க.

"பஸ்ஸைத் தவறவிட்டிட்டம். நெடுங்கேணி பஸ்ஸில வந்து மாறினனாங்கள்," என்று கம்சா காதுக்குள் சொன்னாள். "நான் சத்தி எடுக்கேல்ல."

வீட்டுக்கு வந்ததும் ஜெயரூபினி குசினி வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போனாள். வின்சன் பின்னால் போகவில்லை. முற்றத்தில் நின்று கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்சா தகரப் படலையைப் பிடித்து இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஆட்டினாள்.

"அம்மப்பா, ஏன் படலை இவ்வளவு பெரிசு?"

"நீங்கள் வாறதுக்கு."

"நாங்கள் ரெண்டு பேர்தானே."

மூன்றரை பஸ்ஸுக்கு அவர்கள் போனார்கள். அடுத்தது எப்போது என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. பிறகு, பஸ் வெளிக்கிடுகிற நேரம், யன்னலடிக்கு ஓடிப்போய்க் கேட்டார். அவள் ஏதோ சொன்னாள், எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. கையைக் காட்டினாள்.

கார் இன்னும் வவுனியாவில் கொம்பனியின் தகரக் கொட்டிலுக்குள் நிற்கிறது. கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பத்தாந் திகதிகள் வந்துகொண்டிருக்கின்றன. பின்னேரமானால் வின்சன் பழக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணி அள்ளிவிடுவார். அள்ளிய பிறகுதான் ஊற்ற ஒன்றுமில்லை என்று தெரியும். அதைக் கொண்டுபோய்ப் புதிதாய் நட்ட முருங்கைத் தடிக்கு விடுவார்.

"வேலியை அடைச்சு, படலையைப் பழையபடி சின்னனாக்குவமோ? மாடு வருது," என்று தங்கராசா கேட்டார். "கதியால் நான் தாறன்."

வின்சன் பன்னிரண்டடியையும் ஒருமுறை பார்த்தார்.

"கிடக்கட்டும்," என்றார். "மாட்டை நான் கலைக்கிறன்."